மழைக்காட்டுக்குத் தண்ணி சுமக்கும் தம்பிக்கு

தம்பி, கொஞ்சம் நில்லு. லெபோ பாசார்ல பூக்கடை முன்னால வழியை அடைச்சுக்கிட்டு நிக்குதே, அந்தக் காடி உன்னோடதுதானே? தைப்பூசத்துக்கு யாரோ முன்கூட்டியே காவடி கட்டி நிறுத்திட்டாங்கன்னு நெனச்சுட்டேன். கூரை மேல கூடாரம். கூடாரத்துக்குப் பக்கத்துல நாலு விளக்கு. பின்னால ஏணி. விலாவுல மண்வெட்டி, முன்னால வின்ச்சு, கண்ணாடி ஓரமா மேல ஏறிப் போற ஸ்நோர்கல் குழாய். இத்தனைக்கும் அடியில ஒரு ஹைலக்ஸ் இருக்குங்கறதே குனிஞ்சு பாத்தப்பதான் தெரிஞ்சுது.

குடும்பத்தோட பெலும் காட்டுப் பக்கம் கேம்பிங் போறியாம். பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க, மாமியார். மாமியாரையுமா? அப்ப உனக்குப் புலி, யானை எதுக்கும் பயம் இருக்காது.

காடியைக் குறை சொல்ல மாட்டேன். நானும் ஒரு காலத்துல கெடாவுல தொரைக்கு லேண்ட் ரோவர் ஓட்டினவன். 1948-ல வெள்ளக்காரன் அந்தக் காடியைச் செஞ்சதே வெவசாயிக்காகத்தான். எங்க தோட்டத்துல அது ரப்பர் ஷீட்டும் ஏத்தும், சம்பளப் பணமும் ஏத்தும், நடு ராத்திரியில வலி வந்த பொம்பளையையும் ஏத்தும். யாரும் அதுக்கு ஸ்டிக்கர் ஒட்டினதில்ல. உன்னோடது இதுவரைக்கும் எதை ஏத்துச்சு? சனிக்கிழமை ஆனா குவீன்ஸ்பே மாலுக்குப் பிள்ளைங்களை ஏத்துச்சு. அங்க ரெண்டாவது மாடி பார்க்கிங்ல கூரை இடிக்குமேன்னு கூடாரத்தைக் கழட்டி மாட்டுறதுக்கே உனக்கு அரை நாள் போயிருக்கும்.

அந்த ஸ்நோர்கல் குழாய் எதுக்குன்னு கேட்டா, "காட்டுக்குத் தாத்தா"ங்கறே. ஆத்துல இறங்கறப்ப என்ஜின் தண்ணியை இழுத்துடாம மேலேர்ந்து காத்து வாங்கறதுக்கு அது. சரிதான். ஆனா நம்ம ஊருல அதுக்கு உண்மையா வேலை இருக்கிற இடம் ஜாலான் பி. ராம்லி. பலமா ஒரு மழை பெஞ்சாலே அங்க வீட்டுக்குள்ள தண்ணி. 2017 நவம்பர்ல ராத்திரியோட ராத்திரியா பினாங்கே மூழ்கினப்ப இந்தக் குழாயோட நீ அங்க வந்திருந்தா ஊரே மாலை போட்டிருக்கும். வந்தியா?

இதெல்லாம் எங்க பாத்துக் கத்துக்கிட்டே? யூடியூப்ல, ஆஸ்திரேலியாக்காரன்கிட்ட. அங்கதான் கோளாறு. அவன் ஊரு வேற தம்பி. அவன் போறது பொட்டல். மேற்கு ஆஸ்திரேலியாவுல கேனிங் ஸ்டாக் ரூட்னு ஒரு மண் பாதை, கிட்டத்தட்ட 1,850 கிலோமீட்டர். பழைய காலத்துல மாடு ஓட்டிக்கிட்டுப் போன தடம். நடுவுல டவுன் இல்ல, கடையும் டயர் ஒட்டுறவனும் அபூர்வம். அவன் ரெண்டு ஸ்பேர் டயர் கட்டுறான்னா அதுக்குக் காரணம் இருக்கு. கேன் கேனாத் தண்ணி ஏத்துறான்னா நாக்கு வறண்டு சாகக் கூடாதேன்னு.

நீ எதுக்கு நாலு கேன் தண்ணி ஏத்தியிருக்கே? போற இடம் மழைக்காடு. பக்கத்துல தெமெங்கோர் அணையைக் கட்டித் தேக்கின ஏரி, கண்ணுக்கெட்டின தூரம் தண்ணி. மேலேர்ந்து தண்ணி, கீழேர்ந்து தண்ணி, நடுவுல நீ கேன்ல தண்ணி. கொல்லன் தெருவுல ஊசி வித்தவனுக்கு உன் ஜாதகந்தான். குடிக்கிறதுக்குக் கொண்டு போ, வேணாங்கல. ஆத்துத் தண்ணின்னா காய்ச்சிக் குடி, எலிக் காய்ச்சல் அதுலயும் வரும். ஆனா குளிக்கிறதுக்கும் பினாங்கு பைப்புத் தண்ணியா?

அப்புறம் பின்தொட்டியைத் திறந்து காட்டினியே, அம்மாடி! குளிர்ப்பெட்டி. காப்பி மிஷின். பெரிய பேட்டரி ஒண்ணு. பேட்டரிக்கு வெயில்ல கரண்டு எடுக்கிற பலகை. அந்தக் கரண்டுல சுத்துற காத்தாடி. காத்தடிச்ச மெத்தை. மெத்தைக்குக் காத்தடிக்க ஒரு மிஷின். கராவோக்கே ஸ்பீக்கர். ட்ரோன். கலர் கலரா மின்னுற பல்புச் சரம். "இயற்கையோட ஒண்ணா இருக்கணும் தாத்தா"ன்னு சொல்லிக்கிட்டே ஒண்ணொண்ணாக் காட்டினே. அந்தப் பின்தொட்டியில இயற்கைக்கு உக்கார இடம் விட்டியா?

பாராங் கத்தி எங்கேன்னு கேட்டேன். முழிச்சே. கயிறு? முழிச்சே. புகையிலை?

"தாத்தா, நான் சிகரெட்டெல்லாம் பிடிக்கிறதில்ல."

அடேய், அது அட்டைக்குடா. புகையிலையை ஊற வெச்சுப் பிழிஞ்சு காலுறையில தேச்சுக்கிட்டா அட்டை ஏறாது. விடியக்காலம் பெரட்டுக்கு நின்னுட்டு ஈரக் காட்டுக்குள்ள பால்வெட்டப் போன பொம்பளைங்களுக்கு இது தெரியும். கடிச்சுடுச்சா? கத்தாதே, பிச்சு இழுக்காதே. நகத்தால ஓரமா நெம்பிவிடு, விழுந்துடும். உன் வீட்டுக்காரி அதை வீடியோ எடுக்கிறதுக்குள்ள அது வயிறு நிறைஞ்சு தானாவே போயிடும், அது வேற விஷயம்.

நாங்க மட்டும் வெளியில படுத்ததில்லையா? வருசா வருசம் தைப்பூசத்துக்குத் தோட்டத்து லாரியில ஏறுவோம். பாலம் ஏது அப்ப? அது 1985-லதான் வந்துச்சு. பட்டர்வொர்த்துல ஃபெரி பிடிச்சு, லாரியோட தீவுக்கு வந்து, தண்ணீர்மலை அடிவாரத்துல பாயை விரிச்சோம்னா குடும்பம் குடும்பமா அங்கதான் சோறு, அங்கதான் தூக்கம். கட்டுச்சோறு, நெத்திலிச் சம்பல், சாடின் டின்னு ரெண்டு. குழந்தை அழுதா பக்கத்துப் பாய்க்காரி தூக்கிக்குவா. பல்லு விளக்கக் கரித்தூள். ஒரு குறையும் இல்ல. கொசு கடிச்சுது. கொசு கடிக்காத எடத்துல படுக்கணும்னா வீட்டுலயே படுக்க வேண்டியதுதானே?

காட்டுல படுக்கிறதுக்குக் காசு கொடுக்கிற காலம் வரும்னு எங்க பெரியப்பாகிட்ட சொல்லியிருந்தா அடிக்க வந்திருப்பார். அவரை ஜப்பான்காரன் சயாம் ரயிலுக்குப் பிடிச்சுட்டுப் போனான். 1942, 43. மலாயாத் தோட்டங்கள்லேர்ந்து நம்மாளுங்களை ஆயிரக்கணக்குல அள்ளிக்கிட்டுப் போய், மூங்கில் கொட்டாயில போட்டு, 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட வெச்சான். கூரை ஒழுகும். காலரா. போனவங்கள்ல ரொம்பப் பேர் திரும்பல. பெரியப்பா திரும்பி வந்தார். அதுக்கப்புறம் சாகிற வரைக்கும் ரப்பர் வரிசையைத் தாண்டி ஒரு அடி காட்டுக்குள்ள வெச்சதில்ல. உன்னைப் பயமுறுத்தச் சொல்லல. நீ போற பொழுதுபோக்குக்கு முன்னால நம்ம குடும்பங்கள்ல காட்டுக்கு வேற கணக்கு இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்கோ.

சரி, வழியைச் சொல்லு. கூலிம், பாலிங், அப்புறம் பழைய பேர்ல குரோ, இப்ப பெங்காலான் ஹுலு, அதுக்கப்புறம் கிரிக். பாலிங்ல டீ குடிக்க நிறுத்துவேல்ல? பிள்ளைங்ககிட்ட ஒரு கதை சொல்லு. 1955 டிசம்பர்ல கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங் காட்டை விட்டு இறங்கி வந்து அந்த ஊரு இஸ்கூல்லதான் துங்கு அப்துல் ரஹ்மானோட பேசினார். பேச்சு முறிஞ்சு போச்சு. திரும்பக் காட்டுக்கே போனார். கடைசியில 1989-ல ஹாட்யாய்ல கையெழுத்துப் போட்டுத் துப்பாக்கியைக் கீழ வெச்சாங்க. காட்டுல நாப்பது வருசம் இருந்தவங்களுக்கே அலுத்துப் போச்சு. நீ மூணு நாளுக்குக் கராவோக்கே கொண்டு போறே.

கிரிக்கைத் தாண்டினா கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை. 1982-ல திறந்த ரோடு. யானை போட்ட மஞ்சப் பலகை வரிசையா நிக்கும். பிள்ளைங்க போட்டோ எடுக்கறதுக்காக அதை வைக்கல, உண்மையிலயே யானை வரும். 2025 மே மாசம் அங்க ஒரு லாரி அடிச்சு யானைக்குட்டி செத்துப் போச்சு. தாய் அந்த லாரி முகத்துல தலையை முட்டுக் குடுத்துக்கிட்டு அசையாம நின்ன படம் நாடு முழுக்கப் போச்சு. நீயும் அழுவுற மூஞ்சி ஒண்ணு போட்டு அனுப்பியிருப்பே. அதே ரோட்டுல ராத்திரியில நூத்துப் பத்துல பறக்கப் போறதும் நீதானே? பகல்ல போ. யானையைப் பாத்தா நிறுத்து, தள்ளியே நில்லு, ஹார்ன் அடிக்காதே. அது வழிவிடும்போது விடும். அவசரம் உனக்குத்தான், அதுக்கு என்ன?

புலியா? அதுக்கு நீ பயப்படுறதை விட அதை நெனச்சு அழு. நாடு முழுக்கத் தேடி எண்ணினதுல 150-க்கும் கீழதான் மிச்சம். உங்க தாமான்ல சுத்துற தெருநாய் அதைவிட அதிகமா இருக்கும்.

அந்த நாலு விளக்கையும் காட்டுக்குள்ள எரிய விடாதே. பாட்டும் வேணாம். அங்க ஜஹாய் ஜனங்க இருக்காங்க, ஓராங் அஸ்லி. உனக்கு அது சுத்துலா, அவங்களுக்கு வீட்டுக் கொல்லை. உன் வீட்டுக் கொல்லையில எவனாவது ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வந்து மைக்கைப் பிடிச்சுப் பாடினா நீ போலீசைக் கூப்பிட மாட்டே?

இப்ப சிரிப்பை நிறுத்திட்டுக் கேளு. கூடாரத்தை எங்க போடுவே? "ஆத்தோரம் மணல் திட்டுல தாத்தா, போட்டோவுக்கு நல்லா இருக்கும்." அங்க போடாதே. மேல மலையில பேஞ்ச மழை ஒண்ணாச் சேர்ந்து சுவரா வரும், கெப்பாலா ஆயிர்னு மலாய்க்காரங்க சொல்வாங்க. உன் தலைக்கு மேல வானம் வெளுத்துத்தான் இருக்கும். குளிச்சுக்கிட்டே இருப்பே. தண்ணி திடீர்னு கலங்கும், இலையும் குச்சியும் மிதந்து வரும், மேலேர்ந்து ஒரு இரைச்சல் கேக்கும். அதைப் பாத்த மறு நிமிசம் பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஓடு. குளிர்ப்பெட்டி, காப்பி மிஷின் எல்லாம் போகட்டும். வானம் தெளிவா இருந்தா நம்ம தீவோட வடக்குக் கரையிலேர்ந்து பாத்தாலே ஜெராய் மலை தெரியுமே, அந்த மலை அடிவாரத்துலதான், யான் பக்கம், 2021 ஆகஸ்டுல இப்படி வந்து உயிர் போச்சு, வீடு போச்சு. அதுவும் ஊருக்குப் பக்கத்துல, ரோடு போட்ட இடத்துல.

ஆறு வேணாம்னா மலைச் சரிவுக்குக் கீழ போடுவியா? அதுவும் வேணாம். 2022 டிசம்பர் 16, பத்தாங் காலி. ஸ்கூல் லீவு. குடும்பம் குடும்பமாக் கூடாரத்துல தூங்கிக்கிட்டு இருந்தாங்க. விடியறதுக்கு ரொம்ப நேரம் முந்தியே மேல இருந்த மண் அப்படியே இறங்கிடுச்சு. 31 பேர். அதுல குழந்தைங்களும். கேம்ப் நடத்த அந்த இடத்துக்கு லைசன்ஸே இல்லைன்னு அப்புறம் அமைச்சர் சொன்னார். அப்புறம் சொல்லி என்ன? காசு கட்டறதுக்கு முந்தி நீ கேக்கணும்: லைசன்ஸ் இருக்கா, மேல சரிவு என்ன, கீழ ஆறு எவ்வளவு தூரம். விலை கேக்கிறதுக்கு முந்தி இதைக் கேளு. வைஃபை இருக்கான்னு கேக்கவே கேக்காதே. கூடாரம் போட்டதும் அண்ணாந்து பாரு. காஞ்ச கொம்பு தொங்குதா? நகத்திப் போடு. காத்தடிச்சா முதல்ல விழறது அதுதான்.

ஓட்டறதுலயும் ரெண்டு சொல்லணும். எங்க காலத்துல நாலு சக்கரமும் இழுக்கணும்னா இறங்கி, சேத்துல நின்னு, முன் சக்கரத்துக் குமிழைக் கையால திருகணும். அந்த இறங்கறதுலதான் புத்தி வரும். சேறு எவ்வளவு ஆழம்னு கால் சொல்லிடும். நீ குளுகுளு அறைக்குள்ள உக்காந்து பொத்தானைத் திருப்புறே. கால் காஞ்சிருக்கு. அதனால காடி போற வரைக்கும் போகலாம்னு நெனைக்கிறே. ரெண்டு சக்கரம் இழுக்கிற பழைய சாகாக்காரன் மரம் ஏத்துற பாலாக் ரோட்டுல பத்து அடியில மாட்டிக்குவான், இறங்கித் திட்டிட்டு நடந்து வீட்டுக்கு வந்துடுவான். நீ எட்டுக் கட்டை உள்ள போய் மாட்டுவே. அங்கேர்ந்து உன்னை இழுக்கறதுக்கு சந்தாய்வோங் லாரிதான் வரணும். மரம் இழுக்கிற அந்தக் கிழட்டு லாரிக்குப் பெயிண்டும் கிடையாது, விளக்கும் ஒழுங்கா எரியாது. அதை ஓட்டறவன் ஜப்பான் சிலிப்பர்தான் போட்டிருப்பான். உன்னையும் உன் பூட்சையும் பாத்துச் சிரிப்பான். சிரிச்சுட்டு இழுத்து விடுவான். காசைப் பேரம் பேசாமக் குடு.

ஆத்தைத் தாண்டணுமா? முதல்ல நீ குச்சியோட நடந்து அக்கரைக்குப் போய் வா. முழங்காலுக்கு மேல தண்ணி, வேகமும் இருந்தா, காடியைத் திருப்பு. இறக்கத்துல பிரேக்கை மிதிக்காதே, ஒண்ணாம் கியர்ல விட்டுடு, என்ஜினே பிடிச்சுக்கும். வின்ச்சுக் கம்பியை மரத்துல மாட்டறப்ப நடுவுல சாக்கு வை, பட்டை அறுந்தா மரம் போயிடும். கம்பி மேலயும் ஒரு ஈரச் சாக்கைப் போடு. அறுந்து வந்தா ஆளை வெட்டிடும். பிள்ளைங்க அந்தப் பக்கம் நிக்கவே கூடாது. இதையெல்லாம் உன் யூடியூப்காரன் பாட்டு போட்டு ஓட்டிவிட்டிருப்பான்.

1997-ல ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்னு ஒரு போட்டியை நம்ம நாட்டுல ஆரம்பிச்சாங்க. காடியைச் சேத்துல புதைச்சுப் புதைச்சு எடுக்கிற போட்டி. வேணும்னே மழைக்காலத்துல வைக்கிறாங்க. அவங்களுக்கு அது விளையாட்டு. உலகம் முழுக்கேர்ந்து தேர்ந்த ஆளுங்க வந்து சேர்றாங்க, மெக்கானிக்கும் கூடவே வர்றான். மாமியார் வர்றதில்ல. நீ ஐப்பசி கார்த்திகையில போகாதே. தைப்பூசம் முடிஞ்சு, பங்குனி உத்திரத்துக்குள்ள போய்ட்டு வந்துடு. நம்ம வடக்குப் பக்கம் அப்பதான் மண்ணு காய்ஞ்சிருக்கும்.

செலவைப் பத்திப் பேச வேணாம்னு பாத்தேன். ஆனா நாக்கு நிக்கல. 2024 ஜூன்ல ஒரே ராத்திரியில டீசல் 2 வெள்ளி 15 காசுலேர்ந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறினப்ப நீதானே காப்பிக் கடையில உக்காந்து அரசாங்கத்தைத் திட்டினே? கூரை மேல இருக்கிற மூட்டையைப் பாதி இறக்கு. டீசல் தானாக் குறையும், ஆட்டமும் குறையும். வளைவுல காடி சாயறது மேல இருக்கிற கனத்தாலதான்.

இன்னொண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. காடுதான் வேணும்னா தெலுக் பஹாங் இல்லையா? 2003-ல அங்க இருக்கிற காட்டைத் தேசியப் பூங்காவா ஆக்கினாங்க. பந்தாய் கெராச்சுட்ல ஆமை ஏறி வந்து முட்டையிடுது. மழை நிறைஞ்ச காலத்துல மேல நல்ல தண்ணி, அடியில கடல் தண்ணி, ரெண்டும் கலக்காம நிக்கிற ஏரி ஒண்ணு இருக்கு. சீட்டு வாங்கினாக் கூடாரமும் போடலாம். கொம்தாரேர்ந்து பஸ்சே போகுது, இறங்கி நடந்தா ஒண்ணரை மணி நேரம். ஆனா ஒரு குறை இருக்குலா. உள்ள ஜீப்பு போகாது. மூட்டையை முதுகுல தூக்கிக்கிட்டுத்தான் போகணும். இப்பத் தெரியுது ஏன் அங்க போகலைன்னு. உனக்குக் காடு வேணாம், காடியைக் காட்ட ஒரு காடு வேணும்.

பரவால்ல, போ. பிள்ளைங்க மண்ணுல விளையாடட்டும், ஆத்துல காலை நனைக்கட்டும். ஃபோன் பிடிக்காத எடத்துல மூணு நாள் இருந்தா உன் வீட்டுக்காரியோட நீ ரெண்டு வார்த்தை பேசுவே, அதுவும் நல்லதுதான். ரிசர்வ் காட்டுக்குள்ள நுழையறதுன்னா வன இலாகாவுல சீட்டு எடு, பெலும் பூங்காவுக்கு அவங்க சீட்டு தனி. கொண்டு போன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டா. பாராங்கும் கயிறும் என் வீட்டுல இருக்கு, வந்து எடுத்துக்கோ. வர்றப்ப ஒரு தாள்ல, எந்த வழியாப் போறே, எங்க படுக்கிறே, என்னைக்கு எத்தனை மணிக்குத் திரும்புறேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ. சொன்ன நேரத்துக்கு நீ வரலைன்னா 999-க்கு அடிக்கப் போறது நான்தான். உன் போட்டோவுக்கு லைக் போட்ட நானூறு பேர்ல ஒருத்தனும் அடிக்க மாட்டான்.